முழுப் பேரு

மொட்டப்பாறைத் தோட்டத்துக் கீழ் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால் போய் நின்று, "இந்திராணி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த இந்திராணி?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். "முழுப்பேரு இந்திராணி" என்று சொல்லிவிட்டால் போதும், மூக்கு ஒழுகுகிற சின்னப் பிள்ளைகூட உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வரும். பட்டப்பேர் வைப்பதில் நம்ம லயத்து ஆட்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. வைத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அதனால் மண்டை உடைந்ததும் உண்டு. ஆனால் இந்திராணி இந்தப் பேருக்கு ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "என்னா முழுப்பேரு, கடைக்கா?" என்று கேட்டால், "ஆமா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். சண்டைக்காரி அப்படிக் குனிந்து போவதைப் பார்த்தால் வெளியாளுக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்களுக்கு இல்லை.

முதலில் இந்தப் பேரு என்கிற சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பேரு என்றால் அப்பா அம்மா வைத்தது. தோட்டத்தில் அதுவல்ல. காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கூடி, மலைக்குப் போய், வேலை செய்து முடித்தால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் ஆளுக்கொரு பேரு போடுவார். நாள் முழுக்கச் செய்தால் முழுப் பேரு. பாதியில் வந்துவிட்டால் அரைப் பேரு. "இன்னைக்குப் பேரு உண்டா?" என்று ஒருத்தி கேட்டால் அவள் தன் பேரை மறந்துபோய்க் கேட்கவில்லை, கூலி விழுமா என்று கேட்கிறாள். வேலைக்கு வராமல் அடிக்கடி நின்றால் தோட்டத்தை நடத்துகிற தொரை பேரு வெட்டிவிடுவார். பேரு வெட்டிவிட்டால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆக, எங்களுக்குப் பேருதான் சோறு, பேருதான் கூரை.

இனி இந்திராணி. பால் வெட்டுகிறவள், ரப்பர்ப் பாலைத்தான் சொல்கிறேன். புருசன் நடராஜா ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன், வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இவளுக்கு வாய் இருந்தது, அதுவும் இரண்டு பாஷையில். நாங்கள் எல்லோரும் நாட்டுக்குள்ளே, சுற்றியுள்ள சிங்கள ஊர்களில், கொஞ்சம் கொஞ்சம் சிங்களம் பேசுகிறவர்கள்தான். அரநாயக்கப் பக்கம் தமிழாள் என்றால் சோற்றில் உப்பு மாதிரி, அங்கொன்று இங்கொன்று. பேசாமல் பிழைக்க முடியாது. ஆனால் எங்கள் சிங்களம் சந்தைச் சிங்களம். விலை கேட்கும், பஸ் கேட்கும், அத்தோடு படுத்துக்கொள்ளும். இந்திராணியின் சிங்களம் அப்படியில்லை. சின்ன வயதில் அந்தச் சிங்கள நாட்டார் வீடுகளிலேயே வளைய வந்தவள். தபால் கந்தோருக்கானாலும் சரி, ஆஸ்பத்திரிக்கானாலும் சரி, பொலிசுக்கானாலும் சரி, லயத்து ஆட்கள் அவளைத்தான் முன்னால் விடுவார்கள். அவளும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, பௌடரும் போட்டுக்கொண்டு, "வாங்க, நான் பேசுறேன்" என்று நடப்பாள். அந்த நடையைப் பார்க்கணுமே! தொரைசாணி தோற்றாள்.

பக்கத்துக் காம்பராவில் இராஜம். எல்லோருக்கும் ராஜக்கா. புருசன் செத்துப்போய் ஒரே ஒரு மகளோடு இருந்தவள். மகள் பேர் இராஜகுமாரி. இந்திராணியின் பிள்ளைகள் பிறந்தபோது வெந்நீர் வைத்ததும், பத்தியக் கறி ஆக்கினதும், பீத்துணி கசக்கினதும் இந்த ராஜக்காதான். அந்த வருசம், எழுபத்தெட்டு, ராஜக்கா நெஞ்சுச் சளி கட்டி எழும்ப முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நோய்த் துண்டு எழுதி வாங்காமல் நாள்கணக்கில் நின்றுவிட்டாள். தொரை கூப்பிட்டு, "இனி ஒரு நாள் சொல்லாமல் நின்றால் பேரு வெட்டிடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் இருமி இருமியே பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் விடியற்காலை, பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. கொழும்பில் படம் எடுக்கப் படிக்கிற பையன்கள். சிங்களப் பையன்கள்தான், ஆனால் நல்ல பிள்ளைகள். கண்ணாடி போட்ட ஒருவன், சுனந்த என்று பேர், அவன்தான் தலை. தாடிக்காரப் பையனிடம் கெமரா. தோட்டத்தைப் பற்றிப் பரீட்சைக்கு ஒரு சின்னப் படம் எடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் பாதை, பனி, வெளிச்சம், ஆட்களின் முகம், எல்லாம் கெமராவில் எப்படி விழுகிறது என்று டெஸ்ட் பண்ணிப் பார்க்க வந்திருக்கிறார்களாம். தொரை அனுமதி கொடுத்த கடுதாசியைக் கங்காணி இராமசாமியிடம் நீட்டினார்கள். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்திராணி, இங்க வா புள்ள" என்றார்.

சுனந்த அவளை "அக்கே" என்று கூப்பிட்டு மரியாதையாகப் பேசினான். வாளியும் கையுமாக ஏழெட்டுப் பொம்பளைகள் அந்த ஏற்றத்தில் நடந்து காட்ட வேண்டும். நடிக்கிறவர்கள் பிறகு கொழும்பிலிருந்து வருவார்கள், இன்றைக்கு இவர்களை நிறுத்திப் பார்த்தால் போதும் என்றான். இந்திராணி விடுவாளா? "வேலையை விட்டுட்டு வந்தா எங்களுக்கு என்ன?" என்று சிங்களத்தில் கேட்டாள். பையன் சிரித்துக்கொண்டே, "ஒக்கோகெம நம தானவா, அக்கே. சம்பூர்ண நம" என்றான்.

எல்லோருக்கும் பேரு போடுவோம். முழுப் பேரு!

சம்பூரணம் என்றால் எங்களுக்குத் தெரியாதா? இந்திராணி திரும்பி, கையைத் தட்டிக்கொண்டு, "அடியே, எல்லாருக்கும் பேரு போடுறாங்களாம்! நடந்து காட்டுனா மட்டும் போதும், முழுப் பேராம்!" என்றாள். தொரையின் கடுதாசி கையில் இருக்கிறது, சிங்களம் தெரிந்தவள் சொல்கிறாள். கங்காணியும் நம்பிவிட்டார். போதாததற்கு அந்தப் பையன் ஒரு கடுதாசியில் ஒவ்வொருத்தியின் பேரையும், அப்பன் பேரையும் கேட்டுக் கேட்டு எழுதவும் செய்தான். பிறகு என்ன சந்தேகம்?

ராஜக்காவைக் கூப்பிட்டது இந்திராணிதான். "அக்கா, இருமிக்கிட்டு மலைக்கு ஏறாத. வா, இதுல நட. வேலையும் சுலுவு, பேரும் முழுசா விழும்." நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கு நடந்த கூத்தை எழுதி மாளாது. தாடிக்காரன் ஒரு நாடாவை எடுத்து, ஒரு முனையைக் கெமராவில் பிடித்து மறுமுனையை ராஜக்காவின் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தான். "அடி ஆத்தி, சவப்பொட்டிக்கு அளவெடுக்குறானாடி?" என்று அவள் பின்னால் பாய, பொம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னொருத்தன் உள்ளங்கை அகலத்தில் எதையோ அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எண் சொன்னான். வெளிச்சத்தை அளக்கிறானாம். "வெளிச்சத்தையுமா அளக்குறானுங்க? கணக்கப்பிள்ளைக்குச் சொல்லிறாதீங்கடி, அதுலயும் கொறச்சுப் போட்டுருவாரு" என்றாள் ராஜக்கா. நோய்க்காரி அன்றைக்கு அப்படிப் பேசினாள். ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். பனி போய் வெயில் வந்தது. வெயிலிலும் ஒரு தரம் ஏறச் சொன்னார்கள். பையன்களுக்கு ராஜக்காவின் முகம் பிடித்துவிட்டது. அவளை மட்டும் தனியாக நடக்கவிட்டுப் பிடித்தார்கள். "கெமராவைப் பாக்காத, அக்கா" என்று இந்திராணி எத்தனை தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை. இந்திராணி நின்றது கெமராவுக்கு நேர் பின்னால். ஏற்றத்தில் பாதி வந்ததும் ராஜக்கா நின்று, அவளைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, "இந்திராணி, பேரு போட்டாச்சா? நல்லாக் கேட்டுக்கடி!" என்று கத்துவாள். "போடுவாங்க, போடுவாங்க, நீ நட" என்பாள் இவள்.

சாயந்தரம் கணக்கப்பிள்ளை செக்ரோலோடு வந்தார். "பாலு எங்க?" என்றார். பால் வெட்டவே இல்லையே! "அப்ப பேரு எங்கருந்து வரும்? படம் புடிக்கத்தான் தொரை சொன்னாரு, ஒங்கள ஆடச் சொன்னாரா?" கங்காணி இராமசாமி கையை விரித்துவிட்டார். "இந்திராணிதான் அப்புடிச் சொன்னா." வேன் மத்தியானமே போய்விட்டிருந்தது. எல்லாப் பொம்பளைகளும் இவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உடனே, "ஏமாத்திட்டானுங்க, பாவிப் பயலுக! பேரு போடுறேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னானுங்க!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். எல்லோரும் சேர்ந்து தூற்றினார்கள். இதுவரைக்கும் அவள் பேரில் தப்பில்லை. அப்படித்தான் அவளும் நம்பினாள்.

மற்றவர்களுக்கு ஒரு நாள் போனது, வயிறெரிந்தார்கள், விட்டார்கள். ராஜக்காவுக்குப் பேரு வெட்டு வந்துவிட்டது. மாசக் கடைசிக்குள் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்திராணி சாமான் வாங்க அரநாயக்கக் கடைத்தெருவுக்குப் போனாள். முஸ்லிம் கடைக்காரர் அஸீஸ் நானா அரிசி நிறுக்கும்போதே அவள் வாய் சும்மா இருக்கவில்லை. கதையை முழுக்க ஒப்பித்து, "நம தானவான்னு சொன்னானே நானா, சம்பூர்ண நமன்னு சொன்னானே! படிச்ச பய இப்புடிப் பொய் சொல்லுவானா?" என்று பொரிந்து தள்ளினாள்.

அஸீஸ் நானா தராசை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "அட மனுசி, அவன் பொய் செல்லல்ல. படம் முடியக்குள்ள தெரையில பேரெல்லாம் ஓடுமே, நடிச்சது இன்னார் இன்னார் எண்டு? அதுல ஒங்கட பேரயும் போடுற எண்டு செல்லீக்கான். அதுக்குத்தான் அப்பன் பேரோட எழுதி எடுத்தீக்கான். ஒங்கட தோட்டத்துப் பேரு அவனுக்கு எங்க தெரியும்?"

கடைத்தெருவே கிறுகிறுவென்று சுற்றியது இந்திராணிக்கு. கேட்ட சொல் எல்லாம் சரி. ஒரு சொல்லும் பிசகவில்லை. சிங்களத்தில் பேர் என்றால் வெறும் பேர்தான் என்பது இத்தனை வருசம் பேசியவளுக்கு அந்தக் கணத்தில் தோன்றவில்லையே! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சாமான் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, மெதுவாக, "நானா, இத யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றாள். நானாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் ஏன் செல்லப் போறன்? செல்ல வேண்டியது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார்.

சொன்னாளா? சொல்லவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. லயத்துக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை, "நான்தான் தப்பா வெளங்கிட்டேன்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும்? ஆனால் அவளுக்குக் குறையும். சிங்களம் போனால் இந்திராணியிடம் வேறென்ன இருக்கிறது? நாளைக்குத் தபால் கந்தோருக்கு யார் கூப்பிடுவார்கள்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் ராஜக்கா இருமுவது கேட்கும். இவள் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

அப்போதுதான் ராஜக்காவே வந்து கதவைத் தட்டினாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "இந்திராணி, தொரைகிட்ட என்னையக் கூட்டிட்டுப் போடி. நீ எடுத்துச் சொன்னா கேப்பாரு. எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

போனார்கள். இந்தத் தொரை, தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த சிங்களத் தொரை. நல்லவருமில்லை, கெட்டவருமில்லை. தமிழில் "வா, போ, வேலை" தவிர வேறு தெரியாது. பங்களா வாசலில் நாயைத் தடவிக்கொண்டே, "என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். ராஜக்கா கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, நான் வேணுமின்னு வேலைக்குப் போகாம நிக்கல. பேரு உண்டுன்னு சொன்னதாலதான் போனேன். வேலைன்னு நெனச்சுத்தான் நடந்தேன்" என்று அழுதாள். இந்திராணி அதை அப்படியே சொன்னாள். அதுவரை சரியாகத்தான் சொன்னாள்.

தொரை கேட்டார்: "பேரு உண்டு என்று அவளிடம் யார் சொன்னது?"

கேட்டாரா? நேராக, இவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பதில் ஒரே ஒரு சொல். நான். நாய்கூட அவளைப் பார்த்தது. அவள் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "அந்தப் படம் பிடிக்கிற பையன்கள்தான் சொன்னார்கள், மஹத்தயா" என்றாள்.

தொரைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். படிக்கிறவர்கள். அவர்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும்? வேலைக்கு வராமல் நின்றுவிட்டுக் கதை கட்டுகிறீர்கள். போங்கள்!"

"என்னாடி சொல்றாரு?" என்றாள் ராஜக்கா.

"மனசு எறங்க மாட்டேங்குறாரு, அக்கா."

"பாவம், நீயும் எம்புட்டுத்தான் பேசுவ" என்று சொல்லி, ராஜக்கா இவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மலைப்பாதையில் இறங்கி வரும்போதும் தடவிக்கொண்டேதான் வந்தாள். அந்த வாழைப்பழத்தையும் இவள் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டாள். இந்திராணி அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

காம்பரா போகப் போகிறது, கூலி இல்லை, வயது வந்துகொண்டிருக்கிற மகள். எங்கள் பக்கத்தில் அப்போது ஒரே வழிதான். மாவனல்லையில் ஒரு தரகன் இருந்தான், கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளை சேர்க்கிறவன். அவன் வந்து பார்த்து, ரம்புக்கனையில் ரயிலேற்றிக் கூட்டிப்போவதாகச் சொன்னான். எந்த வீடு, எந்தத் தெரு என்று ராஜக்காவுக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்தவள் பக்கத்துக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

போகிற அன்று காலையில் இராஜகுமாரி துணிப்பையோடு இந்திராணியிடம் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரிப்பன் கட்டியிருந்தாள். "சின்னம்மா, பசிக்குதுன்னு சிங்களத்துல எப்புடிச் சொல்றது?"

"படகினி" என்றாள் இந்திராணி.

"படகினி, படகினி" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "வலிக்குதுன்னா?" என்று கேட்டாள் பிள்ளை. அதையும் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை பாதையில் இறங்கி மறையும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே போய், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். நடராஜா என்னவோ ஏதோ என்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, கல்நெஞ்சுக்காரி.

மாசக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வேன் மறுபடி வந்தது. டெஸ்ட் எடுத்த படம் கழுவி வந்துவிட்டதாம். தொரையும் பார்க்க ஆசைப்பட்டாராம், தோட்டத்து ஆட்களுக்கும் காட்டலாமாம். பொழுது சாய்ந்ததும் ஸ்டோரின் வெள்ளைச் சுவருக்கு எதிரே படம் காட்டுகிற பொட்டியை வைத்தார்கள். தொரைக்கு நாற்காலி போட்டார்கள். பொம்பளைகள் பையன்களைப் பார்த்து, "வந்துட்டானுங்க, ஏமாத்துக்காரனுங்க" என்று காது கேட்கவே திட்டினார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் முழித்தார்கள். "ஏன் அக்கே கோபமாக இருக்கிறார்கள்?" என்று சுனந்த கேட்டான். "ஒன்றுமில்லை" என்றாள் இந்திராணி. ராஜக்கா கூட்டத்தில் சேராமல் சுவரோரமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் எங்கள் பாதை வந்தது! எங்கள் பனி, எங்கள் ரப்பர் மரம், எங்கள் பொம்பளைகள்! திட்டினவர்களெல்லாம் திட்டை மறந்து, "ஏய், நான்டி! அந்தா நான்!" என்று குதித்தார்கள். சத்தமில்லாத படம். பிறகு ராஜக்கா தனியாக வந்தாள். சுவர் உயரத்துக்கு வந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பாதியில் நின்று, நேரே எங்களைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, ஏதோ கேட்டாள். மறுபடி ஏறினாள், நின்றாள், சிரித்தாள், கேட்டாள். எத்தனை தரம் பிடித்தார்களோ அத்தனை தரமும் கேட்டாள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். இந்திராணி ஒருத்திக்குத்தான் அந்த வாய் அசைவதன் அர்த்தம் உறைத்தது. சுவரிலிருந்து ராஜக்கா அவளை மட்டுமே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுனந்த குனிந்து, "மே அம்மா மொகத கியன்னே?" என்றான். இந்த அம்மா என்ன சொல்கிறாள்?

இந்திராணி, "பேரு போட்டாச்சா என்று கேட்கிறாள்" என்று சிங்களத்தில் சொன்னாள்.

பையனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "போட்டோமே! அதையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கிறோம், பாருங்கள் பாருங்கள்!" என்றான். சுவர் கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது, சிங்களத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே கோணல்மாணலாகத் தமிழில் ஒரு வரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்கள்: "வீ-ரா-சா-மி இரா-ஜம்."

ராஜக்கா எழும்பி நின்றாள். படிக்காதவள்தான், மண்டு இல்லை. தன் அப்பன் பேரும் தன் பேரும் சுவரில் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தப் பேரா?" என்றாள். பிறகு திரும்பி, "இந்திராணி, இந்தப் பேரத்தானா போடுறேன்னானுங்க?" என்றாள்.

இனி எங்கே ஒளிவது? பூமி பிளந்தால் இறங்கிவிட ஆயத்தமாகத்தான் நின்றாள், பூமி பிளக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொரையின் நாற்காலிக்கு முன்னால் போய், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பையன்கள் ஏமாற்றவில்லை. இந்தப் பேரை நான்தான் அந்தப் பேராக்கிச் சொன்னேன். ராஜம் என்னை நம்பித்தான் வந்தாள். அன்றைக்கு உங்களிடமும் பொய் சொன்னேன். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, அதே அத்தனையையும் தமிழிலும் சொன்னாள், அஸீஸ் நானா கடையில் தெரிந்துகொண்டது உட்பட.

முதலில் சிரித்தது தொரைதான். "செக்ரோல் பேரா? ஐயோ!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவரைப் பார்த்து எங்களிலும் இரண்டொருவர் இளித்தார்கள். "முழுப்பேரு இந்திராணி!" என்று இருட்டுக்குள்ளிருந்து எவனோ ஒருத்தன் கத்தினான். அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தப் பேரு. தொரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளையைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, இந்திராணியிடமும் ஒன்று சொன்னார்.

"என்னாடி சொல்றாரு?" என்றாள் ராஜக்கா.

இந்திராணி இந்தத் தடவை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "நாளையிலருந்து ஒனக்குப் பேரு உண்டாம், அக்கா. காம்பராவும் ஒனக்குத்தானாம். இத அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பேரு போட்டிருப்பேனேன்னு சொல்றாரு."

ராஜக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், இந்திராணி காலில் விழுந்திருப்பாள். அவள் கம்பளியை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அப்ப எம் புள்ள?" என்றாள்.

"மே அம்மா மொகத கியன்னே?" என்று கேட்டார் தொரை, இன்னும் சிரிப்பு அடங்காமல்.

அதற்குச் சிங்களம் இந்திராணிக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கே தெரிந்த சொற்கள்தான். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.

மறுநாள் பெரட்டில் கங்காணி இராமசாமி பேர் கூப்பிட்டார். "இராஜம்" என்றதும், "இருக்கேங்க" என்று இருமலோடு ஒரு குரல் வந்தது. "இந்திராணி" என்றார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். அவள் முதல் பஸ்ஸிலேயே மாவனல்லைக்குப் போயிருந்தாள், தரகன் வீட்டு வாசலில் உட்காருவதற்கு. பிள்ளை இருக்கிற வீட்டை அவன் சொல்லுகிறவரைக்கும் தினமும் போய் உட்கார்ந்தாள், அவன் பொண்டாட்டி தண்ணீரை அள்ளி ஊற்றியும் எழும்பவில்லை. அந்த நாட்களில் செக்ரோலில் அவளுக்கு அரைப் பேருகூட விழவில்லை. கடைசியில் கொழும்பில் வீட்டைத் தேடிப் பிடித்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, இராஜகுமாரியின் கூந்தலைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தார்கள், முன்கையில் சூடுபட்ட தழும்பு இருந்தது. ராஜக்கா பிள்ளையை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டாள். துணிப்பையை இந்திராணியின் கையிலிருந்து வாங்கினாள். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

இந்திராணி வாசலிலேயே நின்றாள். உள்ளே, பிள்ளை தாயிடம் தன்னை அறியாமல் சிங்களத்தில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"அம்மே, படகினி."

"என்னாடி சொல்றா எம் புள்ள?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள் ராஜக்கா.

"பசிக்குதாம், அக்கா" என்றாள் இந்திராணி.